பொது மைதான விதி

சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு நாலு கோல் இனாம். இருபத்திரண்டு வருடம் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்கியும் மத்தியஸ்தம் செய்தும் நான் கண்டது இது. வளையம் பத்தடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் உண்டு. கம்பம் நடுகிறவர் புத்தகம் பார்ப்பதில்லை. ஓரிடத்தில் வளையம் இரண்டு விரல் தாழப் பதிந்திருக்கும். ஓரிடத்தில் கம்பமே சற்றுச் சாய்ந்திருக்கும். அங்கே தினமும் எறிகிற பிள்ளையின் கைக்கு அது தெரியும். வெளியிலிருந்து வந்த பிள்ளைக்குத் தெரிவதற்குள் முதற் காற்பகுதி முடிந்துவிடும்.

சோமசேகரம் மாஸ்டர், சண்டை நின்று ஒரு மாதம் ஆகிறது. இனிப் போட்டிகளைப் பழையபடி அவரவர் பாடசாலையில் நடத்தலாமா, பொது மைதான விதி தொடர வேண்டுமா என்று சங்கத்தின் மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். விதியை முன்மொழிந்தவள் நான். என்னைக் கேட்டது முறைதான். விதி தொடர வேண்டும் என்பது என் கருத்து. காரணத்தை எழுதுகிறேன். இரண்டு பக்கத்துக்குள் அடங்காது.

மீன்பிடிக் கரையான குருநகரை விட்டு நாங்கள் எழும்பியது 1990இல். எங்கள் பாடசாலை திருநெல்வேலியில் இன்னொரு பாடசாலையின் கட்டடத்தில் பின்னேரங்களில் நடந்தது. மைதானம் இல்லை. பிள்ளைகள் ஒழுங்கைக்குள் பழகினார்கள். வளையத்துக்குப் பதிலாக மாமரத்தில் ஒரு பழைய வாளியின் வாய்க்கம்பியைக் கட்டிக் கொடுத்திருந்தேன். எங்கே ஆடினாலும் நாங்கள் அடுத்தவர் வளவில் ஆடுகிற அணி.

1991 மாசியில் அரையிறுதி. எதிரணி சண்டிலிப்பாய்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்று. பெயர் வேண்டாம். மஞ்சள் சட்டை. அவர்களின் விளையாட்டு ஆசிரியை பத்மாவதி. மைதானமும் அவர்களுடையது.

எல்லைக்கோட்டை ஒட்டி அவர்களின் பிள்ளைகள் நூறு பேர் நின்றார்கள். எங்கள் பிள்ளைகள் பந்தைத் தொட்டால் மூக்கைப் பொத்தினார்கள். ஒருத்தி சொன்னாள்:

"பந்து மீன் நாறுது. கழுவிப்போட்டுத் தாங்கோடி."

என் மகள் இராசாத்தி எங்கள் கோல் சூட்டர். பதினாறு வயது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. "கழுவித்தான் போடுறன். வளையத்துக்குள்ளால வரேக்க பிடிச்சு மணந்து பார்" என்றாள். அவர்களின் பிள்ளைகள்கூடச் சிரித்துவிட்டார்கள். அந்த வளையம் இரண்டு விரல் பதிவு என்பதை மூன்றாவது எறியிலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். பதினான்குக்குப் பதினொன்று. நாங்கள் முன்னால் நின்றோம்.

அப்போது ஷெல் கூவியது.

சொந்த மைதானத்தில் வளையத்தைவிடப் பெரிய அனுகூலம் பதுங்குகிற பங்கர். அவர்களின் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஓடினார்கள். பங்கர் கம்பத்துக்குப் பின்னால், வேம்பின் கீழ் இருந்தது. எங்கள் பிள்ளைகள் ஆறு பேர் நின்ற இடத்திலேயே விழுந்து படுத்தார்கள். இராசாத்தி அந்தக் கம்பத்தடியில் நின்றவள். பங்கர் வாசல் வரை போனாள். பத்மாவதி வாசலில் நின்றார். கையைக் குறுக்கே நீட்டினார்.

"இடமில்லைப் பிள்ளை. வகுப்புக்குள்ள ஓடு."

இராசாத்தி சொல்வழி கேட்கிறவள். ஓடினாள். வேம்புக்கும் வகுப்பறைக்கும் இடையில் இருபத்தைந்து யார் தூரம். இரண்டாவது ஷெல் அதற்குள் விழுந்தது.

நான் எதிர்ப்பக்கம் தண்ணீர்த் தொட்டியோடு படுத்திருந்தேன். அந்தக் கையை நன்றாகப் பார்த்தேன்.

ஆட்டம் கைவிடப்பட்டதாகச் சங்கம் அறிவித்தது. முந்திய வருடம் வென்றவர்கள் என்பதால் கிண்ணம் மஞ்சள் அணியிடமே இருக்கட்டும் என்று தீர்மானித்தீர்கள். கூட்டக் குறிப்பில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை.

செத்தவீட்டுக்குப் பத்மாவதி சைக்கிளில் வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பதினெட்டுப் பேரை உள்ளுக்கு விட்டிட்டன் ரீச்சர். மூச்சு விடவும் இடமில்லை. நான் என்ன செய்ய" என்றார். நான் ஓம் என்றேன். அவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.

முப்பத்தோராம் நாள் முடிந்தபின் அவர்களின் பாடசாலைக்குப் போனேன். பிள்ளை கடைசியாக நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். பத்மாவதி அழுதபடி கூட்டிப் போனார். எனக்குத் தண்ணீர் எடுத்து வர அவர் போன நேரத்தில் பங்கருக்குள் இறங்கி அளந்தேன். பன்னிரண்டடி நீளம், நாலரை அடி அகலம். பதினெட்டுப் பேர் குந்தியிருந்தாலும் இன்னும் இரண்டு பேருக்கு இடம் உண்டு. இராசாத்தி மெலிந்த பிள்ளை.

அடுத்த கூட்டத்தில் விதியை முன்மொழிந்தேன். ஆட்டம் இரு அணிக்கும் சொந்தமில்லாத மைதானத்தில் நடக்க வேண்டும். அங்கே இரண்டு பங்கர் இருக்க வேண்டும். எது யாருக்கு என்பதை நாணயம் சுண்டித் தீர்க்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் ஆசிரியை தன் அணியைக் கூட்டிப் போய்ப் பங்கரைக் காட்ட வேண்டும். மத்தியஸ்தர் நீண்ட விசில் ஊதினால் இரு அணியும் தங்கள் பங்கருக்கு ஓட வேண்டும். பார்க்க வந்தவர்கள் இருந்த இடத்திலேயே படுக்க வேண்டும். எல்லோரும் கை தட்டினீர்கள். பிள்ளையைக் கொடுத்தவள் வன்மம் இல்லாமல் கதைக்கிறாள் என்று பின்வரிசையில் யாரோ சொன்னார். பத்மாவதி வழிமொழிந்தார்.

இரண்டு வருடம் விதி நன்றாக நடந்தது. ஒரு பிள்ளைக்கும் காயம் இல்லை. அதையும் மலரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1993 தையில் இறுதிப் போட்டி. மஞ்சள் அணியும் அச்சுவேலி அணியும். இடம் கொக்குவிலில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், மதில் கட்டிய ஒரு வளவு. இடத்தைத் தெரிந்தெடுத்தவள் நான். மத்தியஸ்தரும் நான். எங்கள் அணி காலிறுதியிலேயே தோற்றுவிட்டதால் அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை.

அந்த வளவில் இரண்டு பங்கர். கிழக்குப் பங்கருக்குத் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் போட்டிருந்தார்கள். மேற்குப் பங்கருக்குத் தென்னங்குற்றி. தென்னை வெளியே வைரமாகத் தெரியும், உள்ளே உக்கிவிடும். காவலாளி இளையதம்பி எனக்கு இதை ஒரு மாதத்துக்கு முன்பே சொன்னார்.

"மேற்கில ஆரையும் விடாதேங்கோ ரீச்சர். பூனை ஏறி நிண்டாலே இறங்கும். நான் வாசலை முள்ளால அடைச்சு வைச்சிருக்கிறன்."

அதைத் திருத்தும்வரை வேறு மைதானம் பார்க்கும்படியும் சொன்னார். நான் ஓம் என்றேன். தை கடைசி ஞாயிறு சுன்னாகத்தில் தனக்கொரு கலியாண வீடு என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். இறுதிப் போட்டிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையை வைத்தேன்.

அன்று காலை ஏழு மணிக்குப் போனேன். வாசலில் இருந்த இலந்தை முள்ளை எடுத்துப் பின்மதிலோரம் கிடந்த குவியலுக்குள் செருகினேன். வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். கையில் இரண்டு கீறல். வேறு ஒன்றும் இல்லை.

பின்னேரம் அணிகள் வந்தன. மஞ்சள் அணியில் 1991இல் ஆடிய ஒரு பிள்ளையும் இல்லை. எல்லாம் புதுப் பிள்ளைகள். எனக்கு அது தெரியும். சட்டை அதே சட்டை.

தலைவியின் பெயர் குணலட்சுமி. பல்லுக்கு இடையில் இடைவெளி உள்ள பிள்ளை. தலை விழுந்தால் உங்களுக்குக் கிழக்கு, பூ விழுந்தால் மேற்கு என்று சொல்லிச் சுண்டினேன். தலை விழுந்தது. கையை மூடிக்கொண்டு மேற்கு என்றேன். மத்தியஸ்தரின் கையைத் திறந்து காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. குணலட்சுமி நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

பத்மாவதி பிள்ளைகளை மேற்குப் பங்கருக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். வாசலில் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே நல்ல பெரிசு என்றார். திரும்பி வரும்போது என் தோளைத் தொட்டார். "நீங்கள் விசிலோட நிண்டால் எனக்குப் பயமில்லை ரீச்சர்" என்றார். ஆட்டம் தொடங்கமுன் இராசாத்திக்காக ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று அவரே கேட்டார். இரு அணியும் நின்றன. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது செக்கனில் முடித்துவிட்டார்கள்.

நல்ல ஆட்டம். மழை விட்டு ஐந்து நாள்தான். நிலம் ஈரம். ஆனாலும் பிள்ளைகள் வழுக்காமல் ஓடினார்கள். மூன்றாம் காற்பகுதியில் பதினாறுக்குப் பதினாறு. பார்க்க இருநூறு பேர் இருந்தார்கள். எங்கள் பாடசாலையின் சின்னப் பிள்ளைகள் சிலரையும் நான் கூட்டி வந்திருந்தேன். நீலச் சட்டை.

நீண்ட விசில் ஊதினேன்.

அச்சுவேலிப் பிள்ளைகள் கிழக்கே ஓடினார்கள். மஞ்சள் பிள்ளைகள் மேற்கே ஓடினார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை. பத்மாவதி வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கை கொடுத்து இறக்கினார். பத்துப் பேர். அடுத்தது அவர் இறங்க வேண்டும். நான் நிலத்தில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இறங்கவில்லை. மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். கையை நீட்டினார்.

"வாங்கோ பிள்ளையள். இடமிருக்கு. ஓடி வாங்கோ."

கரையில் படுத்திருந்த சின்னப் பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். ஆபத்து இல்லை என்பதற்கு இரண்டு குறுகிய விசில். நான் அதை ஊதியிருக்கலாம். பத்மாவதி இன்னும் இறங்கவில்லையே என்று காத்திருந்தேன். அவர் ஒன்பது பேரை இறக்கினார். பத்தாவதாக வந்த பிள்ளை பதற்றத்தில் வாசலை விட்டுவிட்டுப் பங்கர் கூரைமேல் ஏறி ஓடி வந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. ஈர மண்மூட்டை விழுகிற சத்தம்தான்.

பதினொரு பேர் இறந்தார்கள். குணலட்சுமி அவர்களில் ஒருத்தி. இரண்டு பேர் நீலச் சட்டை. பார்க்க வந்தவர்கள் இருந்த இடத்திலேயே படுக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு நான் வரும் வழியில் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். பத்மாவதி வெறுங்கையால் மண்ணைக் கிண்டினார். நகங்கள் போயின. வேறு காயம் இல்லை.

இளையதம்பி தான் என்னிடம் சொன்னதாகவும் முள் அடைத்ததாகவும் விசாரணையில் சொன்னார். முள்ளை யாரும் காணவில்லை. என்னைக் கேட்டார்கள். அவர் சொன்னதாக நினைவில்லை என்றேன். பிள்ளைகளை விட்டுவிட்டுக் கலியாணச் சோறு தின்னப் போனவன் என்று ஊர் பேசியது. அடுத்த மாரிக்கு முன் அவர் காலமானார். அவரின் மனைவி நல்லம்மா ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "அவர் சொன்னவர்தானே ரீச்சர்? எனக்கு மட்டும் சொல்லுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லன்" என்றார். நினைவில்லை என்றேன்.

பத்மாவதி வியாழன்தோறும் வருகிறார். இரண்டு வருடமாக ஒரே கதை. தான் கூப்பிட்டதால்தான் பாரம் கூடியது, தான் கூப்பிட்டதால்தான் அந்தப் பிள்ளை கூரையில் ஏறியது என்கிறார். போன கிழமையும் சொன்னார். "உங்கடை பிள்ளையை மறிச்சதும் இந்தக் கைதான். அதுகளைக் கூப்பிட்டதும் இந்தக் கைதான். கடவுள் எனக்குக் காட்டிப்போட்டார் ரீச்சர்."

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். முதலில் அது எனக்குப் போதுமாக இருந்தது. இப்போது போதவில்லை. அவர் தண்டனையை அனுபவிக்கிறார், கொடுத்தவர் யார் என்று அறியாமல். என்னிடமே வந்து ஆறுதல் கேட்கிறார். நான் செய்ததைக் கடவுள் செய்தது என்கிறார். யார் தீர்த்தது என்று தெரியாத பழி வெறும் விபத்து.

மலரின் முதற்பிரதியை அவருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று அறிந்தேன். ஆகவே இதைச் சுருக்காமல் போடுங்கள். போட முடியாது என்றால் இன்னொரு படி எழுதி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை அவரிடமே கொடுப்பேன்.

என்னைப் பற்றி நீங்கள் எழுதிய அறிமுகக் குறிப்பை வாசித்தேன். ஒரு திருத்தம் உண்டு. "ஹெலி தாழப் பறந்து வந்த வேளையில் சமயோசிதமாக விசில் ஊதினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று பின்னேரம் ஹெலி வரவில்லை. பொம்மரும் வரவில்லை. வானம் வெளித்துக் கிடந்தது. நான் விசில் ஊதிய பிறகுதான் எல்லோருக்கும் சத்தம் கேட்டது. விசாரணையில் பதினேழு பேர் கேட்டதாகச் சொன்னார்கள். பலாலி விமானத்தளப் பக்கமிருந்து வந்ததைக் கண்ணால் கண்டதாக ஒருவர் சொன்னார். நீங்களும் கேட்டதாகச் சொன்னீர்கள், மாஸ்டர். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மற்றபடி குறிப்புச் சரி. "எந்த அணிக்கும் சாயாதவர்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது அப்படியே இருக்கட்டும்.