குழிக்கு மூடி வேண்டி

மாலை ஆறே முக்கால். கிடங்குகளுக்குப் பின்னால் போகும் சாலை... ஒரு நாய்கூட இல்லை. என் தோழியின் அண்ணி அங்கே தனியாக நடந்துகொண்டிருந்தார். கைப்பையில் ஒரு மனு. ஈரமாக...

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது, சொல்லிவிட்டேன்.

அண்ணிக்கு நகராட்சித் தபால் பிரிவில் வேலை. வருகிற மனுவைப் படித்து, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று மூலையில் எழுதி அனுப்ப வேண்டும். அதில் புலி. ஆனால் இந்த ஒரு மனு அவரை மாட்டிவிட்டது. கிடங்குக் காவலாளி எழுதியது. மூன்றே வரி.

"சாலைக் கடைசியில் சாக்கடைக் குழிக்கு மூடி இல்லை. இருட்டில் தெரியவில்லை. யாராவது விழுவதற்குள் மூடவும்."

சாலைப் பிரிவு, இது சாக்கடை விவகாரம் என்று திருப்பியது. சாக்கடைப் பிரிவு, இது சாலை விவகாரம் என்று திருப்பியது. திரும்பி வரும்போதெல்லாம் அண்ணி அதற்குப் புது எண் போட்டார். புது எண் போட்டால் அது இன்று வந்த மனு. தாமதம் என்று யாரும் கேட்க முடியாது, பாருங்கள்! அங்கே எல்லோரும் செய்வதுதான். மூன்று மாதம், மூன்று எண்.

பிறகு ஒரு காலை... முந்தின நாள் அனுப்பிய மனு அவர் மேசைமேல் இருக்கும் தபால் தட்டிலேயே கிடந்தது. ஓரமெல்லாம் ஈரம். சாக்கடை நாற்றம். பக்கத்து மேசையில் முத்திரை குத்துகிறவர் மேல்தான் சந்தேகம். அவருடைய குறும்பு ஊரறிந்தது.

"என்னண்ணே, என்கிட்டயேவா?"

"அட, நான் எதுக்கும்மா அதைத் தொடப்போறேன்? நாத்தம் கொடலப் புடுங்குது!"

அண்ணி நம்பவில்லை. மனுவை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள்... மனு தட்டில். இழுப்பறை பூட்டியபடியே இருந்தது.

அப்போதுதான் பயம் வந்தது. இரண்டு பிரிவுக்கும் நேரில் போய்ச் சண்டை போட்டார். ஒரே நாளில் கான்கிரீட் மூடி போட்டுவிட்டார்கள். அதைக் கண்ணால் பார்க்கத்தான் அன்று மாலை போனது.

மூடி கச்சிதமாக இருந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அண்ணிக்கு. காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று கிடங்கு வாசலுக்குப் போனார். இருந்தவர் புது ஆள்.

"பழையவரா? மூணு மாசமா காணோம்மா. சொல்லாம கொள்ளாம போயிட்டாருன்னு என்னை வச்சாங்க. சட்டை, சாப்பாட்டு டப்பா... எல்லாம் இங்கதான் கெடக்கு."

அண்ணி மூடியிடம் திரும்பி வந்தார். குனிந்து காது கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை. வெளியே சொன்னால் மனுவைத் தேடுவார்கள். மூன்று எண்ணும் அவர் கையெழுத்து. வேலை போய்விடும்... சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் அவர்மேல் கோபம்தான்.

மறுநாள் காலை, தட்டில் ஒரு மனு. அதே ஈரம்... அதே நாற்றம்... அதே காவலாளியின் எழுத்து. ஒரே வரி.

"மூடியைத் திறக்கவும்."

எந்தப் பிரிவுக்கு என்று அண்ணி எழுதும் மூலை இந்த முறை காலியாக இல்லை. அங்கே அண்ணி வீட்டுக் கதவு எண் இருந்தது.