காலி இடம்

எண்ணூரிலிருந்து வரும் பஸ்ஸில் என் முன் சீட்டில் மீன் விற்கும் பெண்கள் இருவர். மூத்தவர் சொன்னது காதில் விழுந்தது.

"நாளைக்கு நம்ம குப்பத்துல ஒரு போட்டும் கடலுக்குப் போவக் கூடாது."

"இன்னாக்கா, புயலா?"

"ஆபீசருங்க வராங்கடி. கரையில பார்க்கு, சொகுசுப் படகுக்குத் துறை எல்லாம் கட்டப் போறாங்களே, அந்த மேப்புல நம்ம போட்டு நிக்கிற எடத்தக் காலி இடம்னு போட்டுகீறாங்க. ஊர் சார்பா கமிட்டியில கீறேனே, எந்திரிச்சுக் கேட்டேன். நேர்ல வந்து பாத்தோம், ஒண்ணுமே இல்லன்றாங்க."

"எப்ப வந்தாங்களாம்?"

"விடிகாலைல."

இளையவள் சிரித்துவிட்டாள். "அந்நேரத்துக்கு எல்லா போட்டும் கடல்லதான கீது."

"அதான் சொல்றேன். நாளைக்கு வந்தா அவங்க கால் வைக்க எடம் இருக்கக் கூடாது. போட்டு, வலை, ஐஸ் பொட்டி எல்லாம் கரையில இருக்கணும். நாமளும் இருக்கணும்."

"மீன் இல்லாம கொழம்புக்கு இன்னா பண்றது?"

"கருவாடு கீதுல்ல. பெரிய குண்டானா வை. அவங்களுக்கும் சேத்து ஆக்கு."

"அவங்களுக்கு எதுக்குக்கா?"

"மேப்ப மாத்தி எழுதற வரைக்கும் அங்கதான இருக்கப் போறாங்க."