அவில்தார் காயப்போட்ட பனியன்

“எங்கள எதிரிகிட்டக் காட்டிக் குடுத்தது ஒரு பனியனுங்க மாமா.”

போர் முடிந்த மறு வருடம், காரிமங்கலம் சந்தை நாளில், தருமபுரி பஸ்ஸில் இதைக் கேட்டேன். சொன்னவர் லீவில் வந்திருந்த ராணுவக்காரர். பக்கத்தில் அவருடைய அக்கா புருஷன்.

“பனியனா?”

“பீடி பத்த வெச்சா நெருப்பு தெரியும்னு எங்க அவில்தாரு தெனமும் திட்டுவாருங்க. அவரே வெள்ளைப் பனியனத் தொவச்சுப் புதர் மேல காயப் போட்டுட்டாரு. கொஞ்ச நேரத்துல குண்டு வந்து விழுந்துச்சு.”

“அய்யய்யோ! யாருக்காச்சும் அடிபட்டுச்சா மாப்ள?”

“குழிக்குள்ள குதிச்சுத் தப்பிச்சோமுங்க. சோத்து அண்டாதான் போச்சு. ஒடனே எடத்த மாத்தச் சொல்லிட்டாங்க. கெளம்பறப்ப நான் அந்தப் பனியன ஆளில்லாத மேட்டுல ஒரு குச்சி நட்டு மாட்டி விட்டுட்டேன். மறுநாள் பூரா அந்த மேட்டையேதான் அடிச்சானுங்க!”

மாமா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

“அவில்தாரு உன்னைச் சும்மாவா வுட்டாரு?”

“எங்கங்க? அந்தக் குளிர்ல என் பனியனக் கழட்டி வாங்கிப் போட்டுக்கிட்டாரு. ஆனா சண்ட முடியற வரைக்கும் அத அவரு தொவைக்கவே இல்லீங்க.”