வெளிச்சம் குறையாத திரை

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நம் போனை எட்டிப் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? நாம் போனைக் கொஞ்சம் சாய்ப்போம், அவர் கழுத்தைக் கொஞ்சம் நீட்டுவார். என் இருபத்தொரு வருட உழைப்பு முழுவதும் அந்தக் கழுத்துக்கு எதிராகத்தான். இதை முதலில் சொல்லிவிட்டால், விசாரணை அதிகாரியான உங்களுக்கு மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

எங்கள் தொழிற்சாலையில் செய்வது ஒரு மெல்லிய பிலிம். அதைப் பொருத்திய திரை நேரே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் தெரியும். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு வெறும் கறுப்பு. ஜன்னலில் மாட்டுகிற பட்டைத் திரை போல, பிலிமுக்குள் கண்ணுக்குத் தெரியாத தட்டிகள் வரிசையாக நிற்கும். பக்கவாட்டில் போகிற வெளிச்சத்தை அவை விழுங்கிவிடும். விழுங்குவதால் திரையே மங்கிப்போகும். வாங்கியவர்கள் இரண்டே நாளில் கண் வலிக்கிறது என்று பிய்த்தெடுத்துக் குப்பையில் போட்டார்கள். மேலதிகாரி கூட்டத்துக்குக் கூட்டம் என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்.

போன வருடம் அதைத் தீர்த்தேன். தட்டிகளின் அடிப்பக்கத்துக்கு மட்டும் கண்ணாடிப் பூச்சு கொடுத்து, பிலிமைத் திரைக்குப் பின்னால், விளக்குக்கும் திரைக்கும் நடுவில் வைத்தேன். தட்டியில் முட்டுகிற வெளிச்சம் திரும்பி உள்ளே போய், மறுபடி நேர்வழியாக வெளியே வரும். அளந்து பார்த்தோம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு வெளிச்சம் அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் என் தங்கையின் கணவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவரை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். தொழிற்சாலைக்குள் என்னை சார் என்பார், கேட்டைத் தாண்டியதும் மச்சான் என்பார். இரண்டையும் ஒருநாளும் மாற்றியதில்லை. அவ்வளவு ஒழுங்கான மனிதர். கண்ணாடிப் பூச்சைப் பற்றி அவர் பேச்சுவாக்கில் ஏதோ சொன்னது உண்மைதான். என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கையிலிருந்த ஸ்பூனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வெளிச்சத்தை எதுக்கு மச்சான் கொல்லணும்? திருப்பி அனுப்பிட்டா தானா வழி தேடிக்கிட்டு வருமே."

அதற்கப்புறம் இரண்டு மூன்று தாள்களில் படம் போட்டும் கொடுத்தார். சாப்பாட்டு மேஜையில் பேசுவதெல்லாம் கண்டுபிடிப்பு என்றால், நாட்டில் பாதிப் பேர் விஞ்ஞானிகள்தான். காப்புரிமைப் பதிவுக்குப் போன காகிதத்தில் என் பெயரை மட்டும் எழுதினேன். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். பார்வையாளர்கள் வரும்போதெல்லாம் நான் விளக்கிச் சொல்வேன், அவர் பின்வரிசையில் நின்று தலையாட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் குத்தல் இருந்ததா என்றால், இல்லை. என் சந்தோஷத்தைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மற்றபடி அவர்மேல் எனக்கு எந்த வெறுப்பும் கிடையாது.

எங்கள் கண்ட்ரோல் ரூமின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். வெளித் தாழ்வாரத்தில் நடக்கிற பார்வையாளர்கள் திரையில் ஓடும் எங்கள் பூச்சின் ரகசியக் கலவை அளவுகளைப் படித்துவிடலாம். அதனால் புது பிலிம் வைத்த முதல் திரையை அங்கேயே மாட்டச் சொன்னேன். அதில் ஒரு உள்நோக்கமும் இல்லை.

பிலிமை உலர்த்துகிற அறையில் நைட்ரஜனை நிரப்பி ஆக்சிஜனை வெளியேற்றிவிடுவோம். அப்போதுதான் பூச்சு சரியாக இறுகும். வாரம் ஒருமுறை நைட்ரஜன் வால்வை மூடி, காற்றை விட்டு, ஒருவர் உள்ளே போய் உருளைகளைத் துடைப்பார். கதவைத் திறந்தாலே அபாய மணி ஓயாமல் அடிக்கும் என்பதால், சுத்தம் செய்கிற நாளில் மணியை நிறுத்திவைப்பது வழக்கம். மணிக்குப் பதில் நான்கு கண்கள் என்று எங்களுக்குள் ஒரு விதி. பிரதான நாற்காலியில் ஒருவர், பக்கத்து ஸ்டூலில் வாக்கி டாக்கியோடு ஒருவர். இருவரும் ஒரே திரையின் மூலையில் ஆக்சிஜன் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நூற்றுக்கு இருபத்தொன்று இருந்தால் நல்லது. பத்தொன்பதுக்குக் கீழே போனால் உள்ளே இருப்பவரை உடனே வெளியே கூப்பிட வேண்டும்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். இரண்டு பேர் பார்க்க வேண்டிய திரையை ஒருவர் மட்டும் பார்க்கிற திரையாக ஆக்கியிருந்தோம். அத்தனை பேரும் படித்தவர்கள். மாட்டும்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும், சுத்தம் செய்ய என் தங்கை கணவரின் முறை வந்த அன்று காலை பதினோரு மணிக்குத்தான், நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

ஸ்டூலில் இருந்தது வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான பெண். கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"சார், இங்கேருந்து ஒண்ணும் தெரியல. கறுப்பா இருக்கு."

"எனக்குத் தெரியுதும்மா. நான் பார்த்துச் சொல்றேன்."

அவள் அதை அப்படியே வாக்கி டாக்கியில் சொன்னாள். உலர்த்தும் அறை வாசலில் கையுறை மாட்டிக்கொண்டிருந்த என் தங்கை கணவரின் பதில் எனக்கும் கேட்டது.

"மச்சான் பார்க்கிறார்ல? அப்புறம் என்ன."

தொழிற்சாலைக்குள் அவர் என்னை மச்சான் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் உள்ளே போனார். ஏழு நிமிடம் எண் அசையவில்லை. பிறகு இருபது, பத்தொன்பதரை, பத்தொன்பது. வால்வு முழுசாக மூடியிருக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. அதை நான் தொடவில்லை, நீங்களே சோதித்துப் பார்த்துவிட்டீர்கள். பதினெட்டில் எண் சிவப்பானது. ஸ்டூல் பக்கம் ஒரு பொட்டுச் சிவப்பும் சிந்தவில்லை. அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். நிம்மதியாக இருந்தாள். பிலிம் இவ்வளவு சுத்தமாக வேலை செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பதினைந்தாக இருந்தபோது அவள் கேட்டாள்.

"எவ்வளவு சார் இருக்கு?"

"இருபதுக்கு மேல."

பதின்மூன்று. பதினொன்று. எண் ஒன்பதைத் தொட்டபோது, வாக்கி டாக்கியில் கூப்பிட்டும் உள்ளேயிருந்து பதில் வரவில்லை என்று அவளாகவே எழுந்து ஓடினாள். பத்தொன்பதிலிருந்து ஒன்பது வரை ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் என் கைகள் மடியில்தான் இருந்தன. அந்தப் பெண்மேல் பழி போடாதீர்கள். அவள் கேட்டாள், நான் பொய் சொன்னேன்.

இதையெல்லாம் நான் சொல்லியிருக்கத் தேவையில்லை. எனக்கு வசதியான ஒரு காரணத்தை மற்றவர்களே தயார் செய்து வைத்திருந்தார்கள். இந்த மாதிரி பிலிம் போட்டால் திரை மங்கும், பாவம் மனிதருக்கு எண் சரியாகத் தெரிந்திருக்காது என்று. என் வக்கீல் அதை அழகாக ஒரு பக்கத்தில் எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட பேனாவைத் திறந்தும்விட்டேன். நேற்று மத்தியானம் தங்கை வந்தாள். அழுது அழுது குரலே மாறிப்போயிருந்தது. வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இனி யார் இருக்கிறார்கள், நான்தானே.

"வக்கீல் சொல்ற மாதிரியே சொல்லிடுண்ணா. அது அவரு கண்டுபிடிச்சதுதானே. சரியா வரல போல, திரை இருட்டடிச்சிருக்கும். அவரு தப்புக்கு நீ என்ன பண்ணுவ?"

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார். ஒரு வருடமாக என் வீட்டுக்கு வந்து, என்னோடு சாப்பிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறாள். அண்ணனைக் காப்பாற்ற இப்போது பழியைப் புருஷன் தலையில் தூக்கிப் போடுகிறாள். அவள் போன பிறகு வக்கீலின் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதனால்தான் ஐயா, நானாகக் கேட்டு உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். திரை மங்கவில்லை. அந்த எண்கள் ஒவ்வொன்றும் எனக்குப் பளிச்சென்று தெரிந்தன. தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். அவரைச் சாகவிட்டது நான். இதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிலிமைக் கண்டுபிடித்தவர் யார் என்று எழுதுகிற இடத்தில் என் பெயரை மட்டும் போடுங்கள். அதற்குப் போட்டி போட இப்போது யாரும் இல்லை.