வெறும் தண்ணீர்

நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். என் மச்சானுக்கும் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். லாரி ஓட்டி ஓய்ந்தவர். பேச்சும் ஹாரன் மாதிரிதான். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்க, என் முகத்துக்கு நேராகச் சொன்னார்:

"என் தங்கச்சி நோயில சாகல, மாப்ளே. உன் வீட்டுல வாடித்தான் போனா. ஒருநாளாவது அவகிட்ட நல்லதா நாலு வார்த்தை பேசியிருப்பியா?"

அவளுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை. வேளைக்குச் சாப்பாடு, துணிமணி, மருந்து. ஒருநாளும் அதட்டியது கிடையாது. மச்சான் சொன்னது பிழை. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பிழையைக் கண்டால் கத்த மாட்டேன். சுழித்து வைத்துவிட்டு, திருத்தம் ஆகும்வரை காத்திருப்பேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அவள் தேங்காய் நார்த்தூளில் விதைத்திருந்த தக்காளி, அவள் இறந்த பிறகு முளைத்தது. பால்கனியில் இரண்டு தட்டுகள். மச்சான் ஒன்றைத் தூக்கிக்கொண்டார்.

"இது எனக்கு. அவ கைபட்டது." வாசலில் நின்று கேட்டார்: "ஆமா, இதுக்கு அவ என்னத்த ஊத்துவா?"

"தண்ணிதான், மச்சான்."

பொய் இல்லை. அவள் கையில் இருந்தது தண்ணீர்க் குவளைதான். அதில் உரம் கரைத்திருப்பாளா என்று அவர் கேட்கவில்லை.

நார்த்தூளில் சத்து என்று ஒன்றும் கிடையாது. ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேருக்கு இடம் கொடுக்கும், அவ்வளவுதான். விதை கொண்டுவந்த கட்டுச்சோறு தீர்ந்ததும் நாம்தான் போட வேண்டும். உரத்தை நீர்க்கக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். தட்டைத் தூக்கிக் கனம் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். இதையெல்லாம் அவள் சாப்பாடு போடும்போது சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் 'ம்' என்பேன். காதில் வாங்கவில்லை என்று நினைத்திருப்பாள். ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறேன்.

மச்சான் போன் செய்தார்.

"இலை மஞ்சளா இருக்கே, மாப்ளே?"

"மேல எப்படி இருக்கு?"

"காஞ்சு கெடக்கு."

"அப்ப ஊத்துங்க."

அக்கறையாக ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, நாற்றுக்குக் காற்று அடிக்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்வையில் குளித்துக்கொண்டிருந்தார். லாரியைப் பின்னால் எடுப்பதுபோலக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தட்டை அங்குலம் அங்குலமாக வெயிலுக்கு நகர்த்தினார்.

"எந்திரிங்கடி தங்கங்களா, மாமா வந்திருக்காரு பாருங்க" என்று அவற்றிடம் என்னைக் காட்டினார். நான் சிரித்தேன். குவளையை நிரப்பிக் கொடுத்தேன்.

கடைசியில் நாற்றெல்லாம் கழுத்தில் அழுகிச் சாய்ந்தன. தட்டைத் துண்டால் மூடி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"அத்தனையையும் சாகடிச்சிட்டேன், மாப்ளே. உன்னப் போய்ச் சொன்னேனே. உசிரா பாத்தும் நிக்கலியே. போறது போகத்தான் போகுது போல. அன்னிக்கு நான் பேசினத மனசுல வச்சுக்காத."

திருத்தம் ஆகிவிட்டது. நான் காபி போட்டுக் கொடுத்தேன். என் தட்டிலிருந்து ஒரு செடி தரட்டுமா என்றும் கேட்டேன்.

"வேணாம்பா. இது கொலகாரக் கை" என்று உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே எழுந்து போனார். அந்தக் கை நல்ல கைதான் என்று அவருக்குச் சொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை.

என் தட்டு செழிப்பாக இருக்கிறது. தூக்கிக் கனம் பார்க்கிறேன், உரம் கரைத்து ஊற்றுகிறேன். குனிந்து, "நல்லா வர்றீங்க, அழகா இருக்கீங்க" என்று ஒவ்வொன்றிடமும் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். செடிக்கு வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும்.

அவள் என் மனைவி. அவளுக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கும்.