வாங்காத பூ

"நான் பூ வெச்சுக்காம இருந்தா, இருபது வருஷத்துல நாம பணக்காரங்களா?"

ஹெப்பாளிலிருந்து விஜயநகர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மாள் கணவரிடம் கேட்டார். ஏதோ சேமிப்பு வகுப்பிலிருந்து திரும்புகிறார் மனிதர். மடியில் பளபளப்பான ஃபைல்.

"தினம் ஒரு முழம் மல்லிகை முப்பது ரூபா. அதை மாசாமாசம் எஸ்ஐபில போட்டா லட்சக்கணக்குல வரும்."

"சிக்கனமா இருக்கறது எப்படின்னு கேக்க ஐயாயிரம் கட்டினீங்களே, அது?"

"அது முதலீடு."

"உங்க சிகரெட்டு?"

"அதைப் பத்தி அங்க ஒண்ணும் சொல்லலை."

"பூவை மட்டும் பேர் சொல்லிச் சொன்னாங்களாக்கும்?"

"அவங்க உதாரணத்துக்குக் காபின்னாங்க. நான்தான் நம்ம வீட்டுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கிட்டேன்."

"அடடா, என்ன பொறுப்பு!"

நடத்துநர் வந்தார். பெண்களுக்கான இலவசச் சீட்டை அம்மாளிடம் கொடுத்துவிட்டு, கணவரிடம் கை நீட்டினார். அவர் போனில் ஸ்கேன் செய்தார். கணக்கில் பணம் போதவில்லை என்றது. இன்னொரு முறை செய்தார். அப்போதும் அதையேதான் சொன்னது.

"பேக கொடி சார்," என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார் நடத்துநர்.

"எல்லாம் எஸ்ஐபிக்குப் போயிடுச்சு," என்றார் கணவர், மனைவியைப் பார்க்காமல்.

அம்மாள் கைப்பையைத் திறந்து அவருக்குச் சீட்டு வாங்கினார்.

"இன்னிக்கு வாங்காத பூவோட காசுதான். இருபது வருஷம் ஆகும்னீங்க. இருபது நிமிஷத்துலயே உங்களைக் காப்பாத்திடுச்சு பாருங்க."