எந்த ஊரு வந்துகீது?

இரவு இரண்டரை மணி. கரையான்சாவடியிலிருந்து உள்ளே பிரியும் மண்சாலை. அதன் கடைசியில் முள்வேலி போட்ட காலி மனை. அங்கேதான் அந்த விமானம் கிடந்தது... இறக்கை இல்லாமல்.

கரண்ட் போன இரவில், முகப்பேர் ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில், எங்களை நெருங்கி உட்காரச் சொல்லிவிட்டுக் கார்த்திகா இதைச் சொன்னாள். விமானத்துக்குக் காவல் இருந்தவர் அவளுடைய தாய்மாமன் கன்னியப்பன்.

வளைகுடா நாடு ஒன்றின் தேசிய விமானக் கம்பெனி. மூடிவிட்டார்கள். மொத்தமே ஆறு விமானம். ஐந்தை அங்கேயே உடைத்தார்கள். ஆறாவதை ஓட்டலாக்கலாம் என்று மணவாளன் என்பவர் ஏலத்தில் எடுத்து வந்தார்.

“முப்பத்தோரு வருசம் மாமே. ஆறு பிளேன்ல ஒண்ணுகூட மோதுனதில்ல. ஒரு உசுரு போனதில்ல. பேயி கீயின்னு எவனாவது சொன்னா வாய்லயே போடு” என்றாராம் மணவாளன், மாமாவிடம்.

உண்மைதான். அதில் யாரும் சாகவில்லை. ஆனால் அந்த நாட்டுக்கு வேலைக்குப் போய்ச் செத்தவர்களின் பெட்டிகளை அந்தக் கம்பெனி இலவசமாக ஊர் சேர்க்கும். பயணிகளின் காலுக்குக் கீழே, சாமான் அறையில். விபத்துக் கணக்கில் அவர்கள் வர மாட்டார்கள்.

மாமாவின் ஒரே மகன் வெற்றிச்செல்வன் அங்கேதான் சாரம் கட்டுகிற வேலையில் இருந்தான். ஒன்பது நாளாகப் போன் இல்லை.

முதல் இரவு... டக்... டக்... டக். விமானத்தின் வயிற்றுக்குள்ளிருந்து. ஆஸ்பத்திரி மருந்து வாடை. பிறகு ஒரு குரல், தெலுங்கில். எந்த ஊர் வந்திருக்கிறது என்று கேட்டது.

பயத்தில் மாமா சொல்லிவிட்டார். “பூந்தமல்லி.”

ஒரு பெருமூச்சு... அவ்வளவுதான். அது அவன் ஊர் இல்லை.

மறுநாள் இந்தியில் ஒருவன். அதற்கு மறுநாள் மலையாளத்தில். ஊர்ப் பெயரைச் சொன்னால் தட்டுவது நின்றுவிடும்.

நான்காம் இரவு தட்டியது.

“நைனா... எந்த ஊரு வந்துகீது?”

வெற்றிச்செல்வன் குரல்.

சொன்னால் இறங்கிவிடுவான். அவன் ஊர் இதுதான். இறங்கினால், பெட்டியில் வந்தவன் என்று ஆகிவிடும். மாமா துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

“நீதான கீற நைனா? பீடி வாசன வருது... இருட்டா கீது. சொல்லேன்.”

விடியும்வரை கேட்டான். விடியும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

காலையில் போன் வந்தது. சாரம் சரிந்து, செத்து ஆறு நாள். உடம்பைக் கொண்டுவர அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அங்கேயே மணலில் புதைத்துவிட்டார்கள்.

அன்றிரவு முதல் மாமா விமானத்தில் கைவைத்துக் கத்தினார். “பூந்தமல்லிடா... நம்ம ஊருதான்டா. எறங்குடா.”

பதில் இல்லை. ஓட்டல் திட்டம் நின்றுபோனது. விமானத்தை வெட்டி லாரியில் ஏற்றினார்கள். மாமா மட்டும் மனையைவிட்டு வரவில்லை.

போன வாரம் கார்த்திகா அவருக்குச் சோறு கொண்டுபோனாள். வெறும் தரை. மாமா மண்ணில் காதை வைத்துப் படுத்திருந்தார். அவளும் குனிந்து காதை வைத்தாள்.

டக்... டக்... டக்.

கீழே... ரொம்ப ஆழத்தில்.

“சொல்லிகினேதான் கீறேன்மா” என்று மாமா தலையைத் தூக்கினார். “அவனுக்குத்தான் கேக்கல.”

அவர் வாய் நிறைய மண் இருந்தது.